பல்லாவரக் கல்: ஆழத்து நிலம் மேற்பரப்பான வரலாறு

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையில் தொடங்கித் திரிசூலம், பல்லாவரம் எனத் தொடரும் குன்றுகள் உயரத்தாலோ பரப்பாலோ பெயர் பெற்றவை அல்ல. பரங்கிமலையின் உச்சியே ஏறத்தாழ 90 மீட்டர்தான். ஆயினும், புவியின் மேற்பரப்பு எவ்வாறு உருப்பெறுகிறது என்னும் வினாவைத் தொடர்ந்து செல்வோர் இக்குன்றுகளுக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வர நேர்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கிவைத்த அடிக்கோட்டைப் பரங்கிமலையின் அருகே அளந்தார். 1863 மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளையிலிருந்து பழங்கற்காலக் கருவியொன்றை எடுத்தார். 1893இல் தாமஸ் ஹாலந்து இக்குன்றுகளின் பாறைக்குச் 'சார்னோகைட்' என்னும் பெயரை வழங்கினார். நில அளவை, தொல்லியல், பாறையியல் என மூன்று துறைகளின் வரலாறுகளில் தனித்தனியே இடம்பெறும் இந்நிகழ்ச்சிகளை ஒருசேர வைத்து நோக்கினால், தென்னிந்திய நிலத்தோற்றம் பற்றிய அடிப்படை உண்மையொன்று புலப்படும்: மேலே பொருள் சேர்ந்து இந்நிலம் உண்டானதைக் காட்டிலும், மேலிருந்த பொருளை இழந்து இழந்து உண்டானதே மிகுதி. அவ்வுண்மையை அக்குன்றுகளின் கல்லிலிருந்தே விளக்க இச்சொற்பொழிவு முயல்கிறது.

கல்குவாரிகளிலும் கட்டட வேலைகளிலும் இப்பாறை கருங்கல் என்றே வழங்கப்படுகிறது. புதிதாக உடைத்த முகத்தில் நீலச்சாயல் கலந்த கருஞ்சாம்பல் நிறமும் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கமும் தெரியும். கல்கத்தாவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக இருந்து அங்கேயே மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில், புனித யோவான் தேவாலய வளாகத்தில், இக்கல்லால் ஆன பலகை பதிக்கப்பட்டுள்ளது. வங்காளத்து வண்டல் நிலத்தில் கிடைக்காத அக்கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது என்று கண்ட ஹாலந்து, கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்குச் சூட்டி, 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரையில் அதன் தென்னிந்தியப் பரவலை வகுத்துரைத்தார். நீலகிரி, சேர்வராயன், கொல்லிமலை ஆகியவற்றின் உடலும் பெரும்பகுதி இப்பாறையே. இலங்கையின் நடுமலைநாட்டிலும் மடகாஸ்கரிலும் அண்டார்க்டிகாவிலும் இதன் இனத்தைச் சேர்ந்த பாறைகள் காணப்படுகின்றன. இந்நிலங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டத்தில் அடுத்தடுத்து இருந்தவை என்பதற்கு உரிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

சார்னோகைட்டின் கனிமங்களுள் ஃபெல்ஸ்பாரும் படிகக்கல்லாகிய குவார்ட்ஸும் சாதாரண கிரானைட்டிலும் உள்ளவை. அதைத் தனித்துக் காட்டுவது ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த கனிமமாகும். நீர்ச்சத்து மிகக் குறைந்து, வெப்பநிலை ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்து, மேலிருக்கும் பாறைகளின் சுமை பல ஆயிரம் வளிமண்டல அழுத்தமாகக் கனக்கும் இடத்திலேயே இக்கனிமச் சேர்க்கை உருவாகும். அத்தகைய இடம் புவியின் மேலோட்டில், அதாவது உறுதியான வெளிப்புறப் பாறை அடுக்கில், ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஹாலந்து இப்பாறை உருகிய குழம்பிலிருந்து நேரே இறுகியது என்று கருதினார். பிற்காலத்தார், முன்பே இருந்த பாறைகள் உருகாமலேயே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியும் சார்னோகைட் ஆகலாம் என்று கண்டனர். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பால்துர்க்கம் பகுதியில், வரிவரியான நைஸ் பாறையின் நடுவே திட்டுத்திட்டாகக் கருநிறச் சார்னோகைட் உருவாகி நின்றுபோன நிலையை எடுத்துக்காட்டினார். பாறை ஒன்று மற்றொன்றாக மாறுகையில் பாதியில் நின்ற தடயத்தைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. 

சென்னைப் பகுதிச் சார்னோகைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. எனவே வினா தெளிவாகிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் உருவான கல், சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை அடுத்து வெயில் காய்ந்து நிற்பது எவ்வாறு? எரிமலைக் குழம்பைப் போல அது பீறிட்டு வரவில்லை; திண்ணிய பாறையாகவே இருந்து மேலே வந்தது. மேலிருந்த இருபத்தைந்து கிலோமீட்டர் பாறையும் அகன்றால் அன்றி அது வெளிப்படாது. அவ்வளவு தடிமனான பாறை அகன்றது என்றால், அங்கே இருபத்தைந்து கிலோமீட்டர் உயரமுள்ள மலை நின்றிருக்க வேண்டுமோ என்னும் ஐயம் எழும். அப்படியொரு மலை புவியில் என்றும் நின்றதில்லை. இந்த முடிச்சை அவிழ்த்த கருத்து, பரங்கிமலையின் அடிவாரத்தில் தொடங்கிய அதே நில அளவையின் பயனாகக் கிடைத்தது என்பது அறிவியல் வரலாற்றின் அரிய பொருத்தங்களுள் ஒன்று.

லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமான அடிக்கோட்டை அளந்து, அதன் மீது முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே தெற்கும் மேற்கும் வடக்குமாகச் சென்றார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அவ்வளவையை இமய அடிவாரம் வரை கொண்டுசென்றபோது ஒரு சிறு முரண்பாடு தலைகாட்டியது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவை, நிலத்தில் முக்கோணங்களால் அளந்து ஒரு மதிப்பும், விண்மீன்களை நோக்கி அட்சரேகை கணித்து மற்றொரு மதிப்பும் பெற்றனர். இரண்டுக்கும் இடையே 5 விகலைக் கோணத்துக்குச் சற்று மிகுந்த வேறுபாடு இருந்தது. விண்மீனை நோக்கும் கருவியை நிமிர்த்தி வைப்பதற்குத் தூக்குக்குண்டையே நம்ப வேண்டும். இமயத்தின் பெரும்பொருண்மை அக்குண்டைத் தன்பால் சற்று ஈர்த்திருக்கும் என்பது எளிய விளக்கம். ஆனால் கல்கத்தாவின் திருச்சபை அலுவலராக இருந்த ஜான் ஹென்றி பிராட் என்னும் கணித அறிஞர், இமயத்தின் உருவளவைக் கொண்டு கணக்கிட்டபோது, விலகல் 15 விகலைக்கும் மேல் இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. மலை தன் அளவுக்கு இழுக்கவில்லை; இழுத்தது மூன்றில் ஒரு பங்கே.

1855இல் இங்கிலாந்தின் அரசவை வானியலர் ஜார்ஜ் ஏரி இதற்கு விடை கூறினார். புவியின் மேலோடு, தன்னைவிட அடர்த்தி மிகுந்த கீழடுக்கின் மீது மிதப்பது போல் அமர்ந்திருக்கிறது. மேலே உயர்ந்து நிற்கும் மலைக்கு அடியில், அடர்த்தி குறைந்த பாறையே வேர் போல ஆழமாக இறங்கியுள்ளது. ஆதலால் மலையின் மிகை ஈர்ப்பை வேரின் குறை ஈர்ப்பு பெரிதும் ஈடு செய்துவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். மேலோட்டின் உயர்ந்த பகுதிகளும் தாழ்ந்த பகுதிகளும் இவ்வாறு எடைக்கேற்ப நிலைகொள்ளும் இயல்புக்கு அமெரிக்க நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் பிற்பாடு தனிப்பெயர் தந்தார். தமிழில் அதைப் புவிச் சமநிலை எனலாம். மேலோட்டின் கீழுள்ள கவசம் என்னும் அடுக்கு உருகிய திரவமன்று, திண்மப் பாறையே. எனினும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுமை அழுத்தும்போது அது மெல்ல நெகிழ்ந்து ஒதுங்கவும், சுமை குறையும்போது திரும்பி வந்து நிரம்பவும் வல்லது.

பாரம் ஏற்றிய தோணியிலிருந்து மூட்டைகளை இறக்க இறக்கத் தோணி எழும்புவதைத் துறைமுகத்தில் காணலாம். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம், கவசத்தின் அடர்த்தி ஏறத்தாழ 3.3 கிராம் எனக் கொண்டால், நிலத்தின் மேலிருந்து 1000 மீட்டர் பாறை அரிக்கப்படும்போது அடியிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் அது எழும்பிவிடும்; மேற்பரப்பின் மட்டம் 200 மீட்டருக்கும் குறைவாகவே தாழும். இக்கணக்கைப் பல்லாவரத்துக்குப் பொருத்தினால் முடிச்சு அவிழ்கிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் பாறை அகன்றாலும் மேற்பரப்பு தாழ்ந்திருக்க வேண்டிய அளவு நாலரை கிலோமீட்டர்தான். திபெத்தின் அடியில் இன்று உள்ளது போன்ற, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடிமனான மேலோடும், இமயத்தோடு ஒப்பிடத்தக்க உயரமும் ஒரு காலத்தில் இங்கே இருந்திருந்தால், அது தேய்ந்து தேய்ந்து அடிவேர் மேலே வந்துவிட்ட நிலையே இன்றைய சென்னைச் சமவெளி எனக் கொள்ள இடமுண்டு. மலையின் உச்சிக்குரிய கல் எங்கோ கடலடியில் மணலாகி, மண்ணாகி, மீண்டும் பாறையாகி மறைந்துவிட்டது. பரங்கிமலையில் ஏறுவோர் காலடியில் இருப்பது அம்மலையின் அடிவயிறு. அரிமானமும் மிதப்பும் மட்டுமே இவ்வளவையும் செய்து முடித்தன என்று கொள்வது மிகையாகும். மலையாக்கக் காலங்களில் பாறைத்தொகுதிகள் பெரும்பிளவுகளின் வழியே ஒன்றன்மேல் ஒன்று தள்ளப்பட்டும் சறுக்கியும் மேலே வந்திருக்கின்றன. தென்னிந்தியாவின் குறுக்கே பாலக்காடு முதல் காவிரி வரை ஓடும் நசிவு மண்டலம் அத்தகைய அசைவுகளின் தழும்பு.

பாறை அரிக்கப்படுவதற்குமுன் அது தளர வேண்டும். இத்தளர்ச்சியைப் பாறைச் சிதைவு என்பர். ஆழத்தில் நாற்புறமும் அழுத்தப்பட்டுக் கிடந்த பாறை, மேற்சுமை நீங்கியதும் சிறிது விரிகிறது; அவ்விரிவு மேற்பரப்புக்கு இணையான விரிசல்களை உண்டாக்க, வெங்காயத்தின் தோல் போலப் படலம் படலமாகக் கல் கழல்கிறது. மதுரைக்கு அருகே யானைமலையின் வழவழப்பான முதுகும், நாமக்கல், திண்டுக்கல் கோட்டைப் பாறைகளின் உருண்ட தோள்களும் இவ்வாறு உருண்டவை. மாமல்லபுரத்தில் சரிவின்மேல் நிற்கும் உருண்டைக் கல்லும் இவ்வகைச் சிதைவின் மிச்சமே: குறுக்கும் நெடுக்குமாக ஓடிய விரிசல்களின் வழியே நீர் இறங்கி, பாறைக்கட்டியின் மூலைகளை முதலில் தின்று, நடுவிலுள்ள உறுதியான பகுதியை உருண்டையாக விட்டுவைத்தது; சுற்றிலும் கரைந்த மண்ணை மழை கொண்டுபோயிற்று. விரிசல் நெருக்கமாக உள்ள இடத்தில் பாறை விரைவில் மண்ணாகிப் பள்ளமாகும். விரிசல் அரிதான இடம் கரடாகவும் தனிக்குன்றாகவும் எஞ்சும். திருச்சி மலைக்கோட்டையையோ பரங்கிமலையையோ யாரும், எதுவும் தனியே உயர்த்தி நிறுத்தவில்லை. சுற்றியிருந்தது போயிற்று, அவை நின்றன.

வேதிச் சிதைவின் கதை இன்னும் ஆழமானது. மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மண்ணில் இறங்குகிறது. மட்கும் இலைதழைகள் அதற்கு மேலும் அமிலத்தன்மை சேர்க்கின்றன. ஃபெல்ஸ்பார் அவ்வமிலத்துக்கு ஈடுகொடுக்காது. அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் கரைந்து வெளியேற, எஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் நீரோடு சேர்ந்து களிமண்ணாகின்றன. குவார்ட்ஸ் மட்டும் ஏறத்தாழ மாறாமல் உதிர்ந்து மணலாகிறது. உழவர் வெங்கச்சங்கல் என்று ஒதுக்கித் தள்ளும் வெண்கல் துண்டும், ஆற்றுப்படுகையின் மணலும், இவ்வேதிப்போரில் தோற்காமல் மிஞ்சிய ஒரே கனிமத்தின் வெவ்வேறு அளவுகள்தாம். வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் இச்சிதைவு நெடுங்காலம் தொடர்ந்தால் சிலிக்காவும் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் மட்டுமே தேங்கும். அவ்வாறு தேங்கி இறுகிய செம்புராங்கல்லை 1807இல் வெளிவந்த தம் பயணநூலில் ஃபிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்டு விவரித்து, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் 'லேட்டரைட்' என்றார். நிலத்தில் மென்மையாக வெட்டப்பட்டு வெளியே காற்றுப்பட்டதும் கெட்டிப்படும் அதன் இயல்பை மக்கள் நெடுங்காலமாகவே அறிந்து வீடு கட்டி வந்தனர். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் உச்சிச் சமதளங்களில் கிடைக்கும் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது, இச்செயலின் கடைநிலை. சார்னோகைட்டிலிருந்து கரையக்கூடிய யாவும் கரைந்தபின் எஞ்சிய சக்கை அது. ஓர் அலுமினியப் பாத்திரத்துக்குப் பின்னால் இத்தனை லட்சம் ஆண்டுகளின் மழை இருக்கிறது.

தளர்ந்த பொருளை எடுத்துச்செல்வது ஆறு. தென்னிந்திய ஆறுகளின் போக்கிலுள்ள ஒரு விந்தை, நிலவரைபடத்தைப் பார்க்கும் மாணவர் எவருக்கும் எழ வேண்டிய கேள்வியைத் தருகிறது: அரபிக்கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், குடகின் தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, பக்கத்திலிருக்கும் கடலை விட்டுவிட்டு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கிழக்கே நடந்து வங்கக்கடலை அடைவானேன்? மேற்குத் தொடர்ச்சி மலை, இமயத்தைப் போல மடிந்து எழுந்த மலைத்தொடர் அன்று. கண்டம் கிழிந்த விளிம்பு. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது உண்டான மேற்கு விளிம்பு செங்குத்தாக நின்றது. பீடபூமியோ கிழக்கு நோக்கிச் சரிந்தது. சரிவை ஒட்டியே ஆறுகள் ஓடின. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நேரடியாகத் தாக்குவதால் அங்கே அரிமானம் பன்மடங்கு விரைவாகவும், பீடபூமியின் மேல் மிக மெதுவாகவும் நடக்கிறது. ஆற்று மணலை ஆய்ந்து பெறப்பட்ட அளவுகளின்படி, பீடபூமிப் பகுதியில் நிலம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் என்ற அளவில் தேய்கிறது. நூறாண்டு வாழ்வோர் ஒருவர் காலத்தில் ஒரு மில்லிமீட்டர். 25 கிலோமீட்டரை இவ்வேகத்தால் வகுத்தால் விடை 250 கோடி ஆண்டு என வருவது கவர்ச்சியானதே ஆயினும், அதைச் சான்றாகக் கொள்ளலாகாது. உயர்ந்த இளமலைகள் பன்மடங்கு விரைவில் தேயும், தாழ்ந்த பழநிலம் ஏறத்தாழச் சும்மா கிடக்கும், ஆதலால் இழப்பின் பெரும்பகுதி பண்டே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

ஆற்றின் சுமக்கும் திறன் அதன் வேகத்தைப் பொறுத்தது. ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளில் உருட்டிச்செல்லும் கல்லை அது சமவெளியில் உருட்ட இயலாது. முதலில் சரளையும், பிறகு மணலும், கடைசியில் வண்டலும் எக்கலுமாக வைத்துக்கொண்டே செல்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணைக்குக் கீழே கிளைகள் விரிந்து, ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை வழிந்து பரப்பிய வண்டலே தஞ்சை நிலம். அந்நிலம் எவ்வளவு தட்டையானது என்பதற்கு லாம்டனின் இடர்ப்பாடே சாட்சி. முக்கோணம் அளக்க உயரமான இடம் வேண்டும். காவிரிப் படுகையில் குன்றே இல்லாமையால் அவர் கோயில் கோபுரங்களின் மேல் தம் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியை மேலே தூக்குகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. இழந்து உண்டான நிலத்தில் குன்றுகள் உண்டு. சேர்ந்து உண்டான நிலத்தில் மனிதர் எழுப்பியதே குன்று.

காவிரியில் 1934இல் முடிந்த மேட்டூர் அணை முதலான நீர்த்தேக்கங்கள் நீரை மட்டும் தேக்குவதில்லை. மலையிலிருந்து வரும் மணலையும் வண்டலையும் தேக்குகின்றன. படிந்த வண்டல் தன் எடையாலேயே இறுகித் தாழ்வது இயற்கை. புதிய வண்டல் மேலே சேரும்வரை அத்தாழ்வு வெளியே தெரியாது. வரவு நின்றபின் தாழ்வு மட்டும் தொடர்கிறது. இத்துடன் படுகை மணலையும் அள்ளிவிட்டால், கடைமடையில் கடல்நீர் உள்ளேறுவதற்குப் பருவமழையின் மேல் மட்டும் பழி போடுவது நேர்மையாகாது.

படிவுகளைப் பற்றிப் பேசும் இவ்விடத்தில், ஃபூட் பல்லாவரத்தில் எடுத்த கற்கருவி நினைவுக்கு வரவேண்டும். அது பாறையில் பதிந்திருக்கவில்லை. செம்புராங்கல் சேர்ந்த சரளையில் கிடந்தது. அதே ஆண்டில் ஃபூட்டும் அவருடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டனர். ஆறு படிய வைத்த களிமண்ணும் சரளையும் அவற்றை மூடிக் காத்திருந்தன. அவற்றின் காலத்தைக் கணிக்க 2011இல் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் வெளியிட்ட ஆய்வு கையாண்ட முறை, அரிமானத்தை அளக்கவும் பயன்படுவதே. விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் மேற்பரப்பிலுள்ள குவார்ட்ஸில் மோதும்போது பெரிலியம்–10, அலுமினியம்–26 என்னும் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன; கல் சில மீட்டர் ஆழத்தில் புதைந்துவிட்டால் புதிய அணுக்கள் உண்டாவது ஏறத்தாழ நின்று, இருப்பவை அழியத் தொடங்கும். அலுமினியம்–26 ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளிலும், பெரிலியம்–10 ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகக் குறைவதால், இரண்டின் விகிதம் கல் புதைந்த காலத்தைக் காட்டிவிடும். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை, குறைந்தது 10 லட்சம் ஆண்டேனும் ஆனவை என்று தெரியவந்தது. புதைவு நிகழாமல் கல் மேலேயே கிடந்தால் அதே அணுக்களின் அளவு, மேற்பரப்பு எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதைச் சொல்லும். ஒரே மணற்பருக்கை ஒரு நிலையில் தொல்லியலாளருக்கும் மற்றொரு நிலையில் நிலவியலாளருக்கும் கடிகாரமாகிறது.

ஆறு கொண்டுசெல்வதைக் கடல் ஏற்கிறது. இந்தியாவின் கிழக்கு விளிம்பு அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், காவிரி வடிநிலம் பிளந்து தாழ்ந்தது. அத்தாழ்வில் கடல் புகுந்தது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் பகுதிகளில் இன்று கரைக்கு நூறு கிலோமீட்டர் உள்ளே வயல் ஓரத்து ஓடைகளில் கிடக்கும் அம்மோனைட் சுருள் ஓடுகள் அக்கடலின் உயிர்கள். 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தது, சிறு திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது. சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம், ஆற்றால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் இழையையும் சிலிக்கா நிரப்பியதால் கல்லானது. அக்கடலின் ஓடுகள் சேர்ந்த சுண்ணாம்புப்பாறையே இன்று அரியலூரின் சிமெண்ட். அதற்கும் கிழக்கே, நெல்வயல்களின் அடியில், 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் படிவுகள் குவிந்துள்ளன. மேலே மலைகள் இழந்ததன் ஒரு பகுதிக்கான கணக்கு அங்கே இருக்கிறது.

கடற்கரையிலும் மணல் ஓய்வதில்லை. அலை கரையைச் சாய்வாகத் தொடும்போதெல்லாம் மணல் கரையோரமாக நகர்கிறது. சென்னைக் கரையில் ஆண்டின் நிகர நகர்வு வடக்கு நோக்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டதும் அதன் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி வரவு குறைந்த கரையைக் கடல் தின்றது. அலையின் சலிப்பில் கனமான கனிமங்கள் தனியே பிரியும் இடமும் உண்டு. மணவாளக்குறிச்சியின் கருமணலிலுள்ள இல்மனைட்டும் மோனசைட்டும் கார்னெட்டும், தெற்கத்திய மலைகளிலுள்ள சார்னோகைட்டும் அதன் உறவுப் பாறைகளும் உதிர்ந்து வந்தவை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிகளில் மணலைக் காற்று வாரிக் குவிக்க, மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு துருவாகப் படிய, அவை குங்கும நிறம் பெற்றன.

பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அதே பாறையை வெட்டியெடுத்த பழைய குவாரிகள் பல்லாவரத்தைச் சுற்றிலும் பள்ளங்களாகக் கிடக்கின்றன. முப்பது மீட்டர் ஆழமான குவாரி ஒன்று, இந்நிலத்தில் இயற்கை முப்பது லட்சம் ஆண்டுகளில் எடுத்திருக்கக்கூடிய தடிமனைச் சில பத்தாண்டுகளில் எடுத்துவிட்டது. எடுத்தது கடலடிக்குப் போகாமல் நகரத்தின் சுவர்களிலும் சாலைகளிலும் படிந்திருக்கிறது. 2017இன் வறட்சியில் சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னையின் குழாய்களுக்கு வந்தது. விரிசல் அரிதான கல் ஆதலால் அந்நீர் எளிதில் கீழே இறங்காமல் அங்கேயே நின்றது. விரிசல் அரிதாக இருந்ததே முன்பு அக்கல்லைக் குன்றாகவும் நிறுத்தியிருந்தது.